பாட்டிலில் வளர்த்த கீரையைச் சாப்பிடலாமா?

கேள்வி: மாடியில் தண்ணீர் பாட்டில்களை வெட்டி மண் நிரப்பி, கீரையும் மிளகாயும் வளர்க்கிறேன். வெயிலில் பிளாஸ்டிக்கிலிருந்து பிஸ்பினால்-ஏ என்ற ரசாயனம் இறங்கிச் செடிக்குள் போய்விடும் என்று அக்கா பயமுறுத்துகிறார். பறித்ததைச் சாப்பிடலாமா?

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள். அக்காவின் பயத்தில் நியாயம் உண்டு, ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார். பாட்டிலின் அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் அது பெட் (PET) என்ற பிளாஸ்டிக். அதைத் தயாரிக்கப் பிஸ்பினால்-ஏ தேவையே இல்லை. பிஸ்பினால்-ஏ, பாலிகார்பனேட் என்ற வேறொரு பிளாஸ்டிக்கின் மூலப்பொருள்; கெட்டியான, கண்ணாடி மாதிரியான சில 20 லிட்டர் கேன்கள் அந்த ரகம், அடியில் 7 என்று இருக்கும்.

பெட்டில் இருப்பது ஆன்டிமனி என்ற தனிமம். தயாரிப்பில் வினையூக்கியாகச் சேர்த்ததன் மிச்சம், கிலோவுக்கு ஏறத்தாழ 200 முதல் 300 மில்லிகிராம். பிளாஸ்டிக்குக்குள் சிக்கிக் கிடக்கும் இது சாதாரண வெப்பத்தில் மிக மெதுவாகத்தான் வெளியே வரும். 60 டிகிரியைத் தாண்டினால்தான் வேகம் பிடிக்கும். மண் அவ்வளவு சுட்டால் உங்கள் கீரை வேரோடு வெந்திருக்கும்! அப்படியே கொஞ்சம் இறங்கினாலும், மண்ணிலுள்ள இரும்பு ஆக்ஸைடுகள் அதில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான் பயப்படுவது பாட்டிலில் முன்பு என்ன இருந்தது என்பதற்குத்தான். பூச்சிமருந்து, பினாயில், என்ஜின் ஆயில் இருந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் சாப்பிடும் செடிக்கு வேண்டாம். 3 என்று போட்டிருந்தால் பிவிசி. அதை வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் என்ற ரசாயனங்கள் கசியக்கூடியவை. அதையும் தள்ளிவிடுங்கள். 2, 5 எண் டப்பாக்கள் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொன்று, பாட்டிலின் வயது. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு பெட் மங்கும், பிறகு மொறுமொறுப்பாகும். விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். வளையாமல் படக்கென்று ஒடிந்தால் அதன் வேலை முடிந்தது. இன்னும் வைத்திருந்தால் தூள் தூளாக மண்ணில் கலக்கும், பிறகு பொறுக்கி எடுக்க முடியாது. நான் என் பாட்டில்களுக்குப் பழைய வேட்டித் துணியைச் சுற்றிவிடுகிறேன். பார்க்க லட்சணமாக இருக்காதுதான். ஆனால் பிளாஸ்டிக் சீக்கிரம் நைந்து போகாது, உள்ளே பாசி படியாது, வேருக்கும் இருட்டு கிடைக்கும்.

ஊற்றும் தண்ணீரை மூடிய பாட்டிலில் நாள்கணக்காக வெயிலில் வைத்திருந்து ஊற்றாதீர்கள்; சூட்டில் ஆன்டிமனி தண்ணீரில் இறங்கலாம். வாளியில் பிடித்து அன்றன்றே ஊற்றுங்கள்.