விமான மீற்றர் உழவு இயந்திரத்துக்குப் பொருந்துமா?

கேள்வி: என்னிடம் எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த மசி பேகுசன் 135 உழவு இயந்திரம் ஒன்று உள்ளது. என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுழல்கிறது என்று காட்டும் அதன் ஆர்பிஎம் மீற்றர் வேலை செய்யாமல் பல ஆண்டுகள் ஆகின்றன. இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி, பழைய சிறு விமானம் ஒன்றிலிருந்து கழற்றிய கேபிள் மீற்றரை அனுப்பியிருக்கிறார். அதில் 3500 வரை அளவு உள்ளது. 2200 முதல் 2700 வரை பச்சை வளைவும், 2700இல் சிவப்புக் கோடும், அடியில் என்ஜின் ஓடிய நேரத்தை எண்ணும் மணிக்கணக்கும் உள்ளன. கிளிநொச்சிக் கடைகளில் 135க்கு என்று விற்கும் கேபிள் மீற்றரும், பற்றறியில் இயங்கும் இலக்க மீற்றரும் கிடைக்கின்றன. பெரும்போக உழவுக்கு முன் எதைப் பூட்டலாம்? — பரந்தன் வாசகர்

பதில்: தம்பி அன்போடு அனுப்பியதைப் பூட்ட வேண்டாம். 135க்கு உரிய கேபிள் மீற்றரையே வாங்குங்கள். விமானத்தில் இருந்த பொருள் தரமானதுதான். ஆனால் மீற்றர் எவ்வளவு தரமானது என்பதைவிட, உங்கள் என்ஜினிலிருந்து வரும் கேபிள் எந்தப் பக்கமாக, எந்த விகிதத்தில் சுழல்கிறது என்பதே இங்கு முக்கியம்.

இவ்வகை மீற்றருக்குள் கேபிளோடு சேர்ந்து ஒரு காந்தம் சுழலும். அதைச் சூழ்ந்துள்ள மெல்லிய உலோகக் கிண்ணம் காந்தத்தின் இழுப்பால் திரும்ப முயல, மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதைத் தடுத்து நிறுத்தும். அந்தக் கிண்ணத்தில்தான் ஊசி பூட்டப்பட்டிருக்கும். கேபிள் எதிர்ப்பக்கமாகச் சுழன்றால் ஊசி பூச்சியத்துக்குக் கீழேயே முட்டிக்கொண்டு நிற்கும். பக்கம் சரியாக அமைந்தாலும் விகிதம் பிழைக்கலாம். பெரும்பாலான சிறு விமான என்ஜின்களில் கேபிள், என்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழலும். அதற்கு ஏற்பவே முகப்பில் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் இயந்திரத்தின் கேபிள் வேறு விகிதத்தில் சுழன்றால், எல்லா வேகத்திலும் மீற்றர் பிழையான எண்ணையே காட்டும்.

இவை இரண்டும் தற்செயலாகப் பொருந்தினாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் என்ஜினின் உச்ச வேலை வேகம் 2250. விமான மீற்றரின் பச்சை வளைவோ ஏறக்குறைய அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இரவல் கேட்டு வரும் ஓட்டுநர் ஊசியைப் பச்சைக்குள் கொண்டுவரப் பார்த்தால், ஐம்பது ஆண்டு உழைத்த என்ஜினின் கதி என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். மணிக்கணக்கும் உதவாது. கேபிளில் ஓடும் மணிக்கணக்கு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டுமே உண்மையான மணியைக் காட்டும். எடுத்துக்காட்டாக, 2300இல் ஒரு மணிக்கு ஒரு மணி எனக் கணக்கிடும் மீற்றர், நீங்கள் 1500இல் ஒரு மணிநேரம் உழுதால் 39 நிமிடங்களையே பதியும். அதை நம்பி ஒயில் மாற்றினால் ஒவ்வொரு முறையும் பிந்தியே மாற்றுவீர்கள். உரிய பத்திரங்கள் இருந்தால் அந்த மீற்றருக்கு இங்கிலாந்தில் பழைய விமானம் வைத்திருப்போரிடம் நல்ல மதிப்பு உண்டு. தம்பியிடமே திருப்பி அனுப்புவது நல்லது.

இலக்க மீற்றரைப் பொறுத்தவரை, உங்கள் வண்டியில் பற்றறிக்கு மின்னேற்றும் பழைய வகை டைனமோ இன்னும் இருந்தால், புதிய வகையான அல்ரனேற்றரிலிருந்து மின்துடிப்பை எடுத்து எண்ணும் மீற்றர் வேலை செய்யாது. மோட்டார் சைக்கிளுக்கு விற்கும், பிளக் வயரில் சுற்றும் வகையும் டீசலுக்கு ஆகாது. கிராங்க் கப்பியில் காந்தம் ஒட்டி எண்ணும் வகை வேலை செய்யும். ஆயினும் சேற்று உழவில் அந்த உணரியைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

கடைக்குப் போகும்போது பழைய மீற்றரையும் கேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். புதிய மீற்றரின் பின்னால் உள்ள சதுரத் துளையில் கேபிளின் நுனியைச் செருகி விரலால் விசுக்கென்று திருப்பினால், எந்தப் பக்கம் திருப்பும்போது ஊசி துள்ளுகிறது என்பது தெரியும். பழையதும் அதே பக்கத்துக்குத்தான் துள்ள வேண்டும்.

பூட்டும்போது உட்கேபிளுக்கு மெல்லியதாகக் கிறீஸ் பூசுங்கள். மீற்றர்ப் பக்கத்து இரண்டு அங்குலத்தை மட்டும் உலர்ந்தபடி விடுங்கள். அங்கே பூசினால் கிறீஸ் மெல்ல மேலேறிக் காந்தத்துக்குள் புகுந்து, ஊசியை ஒட்டவைத்துவிடும். கேபிள் எங்கும் கூர்மையாக மடியக்கூடாது. நட்டைக் கையால் இறுக்கிய பின்பும் உட்கேபிள் முன்பின்னாகச் சிறிது அசைய வேண்டும். அசையாவிட்டால் அது காந்தத்தை முட்டித் தள்ளி, புதிய மீற்றரையும் சில நாட்களில் கெடுத்துவிடும். பூட்டிய பின் ஊசி நடுங்கினால் மீற்றரைக் குறை சொல்லுமுன் கேபிளைப் பாருங்கள்.

கடைசியாக, கராச்சில் ஒளியால் அளக்கும் கைக்கருவி இருந்தால், கிராங்க் கப்பியில் ஒளிதெறிக்கும் நாடாத் துண்டொன்றை ஒட்டி 1000, 1500, 2000 ஆகிய வேகங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். றொட்டவேற்றர் போன்ற கருவிகளைச் சுழற்றும் பி.ரி.ஓ. எனும் பின்பக்கத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும்போது மீற்றரின் 540 அடையாளத்தில் ஊசி நிற்கிறதா என்பதையும் பாருங்கள். அந்தத் தண்டுக்கு அருகே சாரத்தோடும் தோளில் துவாயோடும் எவரும் நிற்கக்கூடாது. துணி சுற்றிக்கொண்டால் கை இழுபட ஒரு கணம் போதும்.

கேள்வி: வாங்கிய மீற்றர் பொருந்தாவிட்டால் கடைக்காரர் அதைத் திருப்பி எடுக்க வேண்டுமா? — அதே வாசகர்

பதில்: அது நீங்கள் எப்படிக் கேட்டு வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, வாங்குபவர் தம் தேவையைச் சொல்லி, விற்பவரின் தொழில் அறிவை நம்பி வாங்கினால், அப்பொருள் அத்தேவைக்குப் பொருந்த வேண்டும். ஒரு வணிகப் பெயரைச் சொல்லி அதைத்தான் தாருங்கள் என்று வாங்கினால் இந்தப் பாதுகாப்புக் கிடைக்காது. ஆகவே 'மசி 135க்கு, என்ஜின் கேபிளில் இயங்கும் மீற்றர்' என்று தேவையைச் சொல்லிக் கேளுங்கள். அதையே பற்றுச்சீட்டிலும் எழுதுவியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய மீற்றர் எதிர்ப்பக்கம் சுழல்வதாக இருந்தது. என் சீட்டில் 'மீற்றர் 1' என்று மட்டும் இருந்ததால், எந்த வண்டிக்கு வாங்கினேன் என்று காட்ட என்னால் முடியவில்லை, பணமும் போயிற்று. கேட்டால் சீட்டுத் தரவேண்டியது வணிகரின் கடமை. அது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தில் உள்ளது. தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்.