வேலை இடத்தில் திருடுவது குணத்தாலா, சூழலாலா?

ஆள் எடுக்கும்போதே கைசுத்தம் இல்லாதவனைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று தோன்றுகிறது. கடை வைத்திருக்கிறீர்கள் போல. நான் எதிர்ப்பக்கம் இருந்தவன், மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் குடோன் இருப்பு பார்த்தவன்.

ஒரு தீபாவளிச் சமயம் முந்திரியும் ஏலக்காயும் இருப்பில் குறைந்தன. எடையில் பிசகா, எலியா, யாராவது எடுத்தார்களா, ஒன்றும் விசாரிக்காமல் முதலாளி எல்லார் சம்பளத்திலும் பிடித்துவிட்டார். என்ன கணக்கு என்று கேட்ட வயசான கணக்குப்பிள்ளையிடம், "இருந்தா இரு, இல்லைன்னா நடையைக் கட்டு" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். அதற்கப்புறம்தான் நிஜத் திருட்டே ஆரம்பித்தது. சிந்திய மிளகைக்கூடப் பொறுக்கி மூட்டையில் போட்ட பயல்கள் பேன்ட் பையில் ஏலக்காயோடு வீட்டுக்குப் போனார்கள். கேட்டால், "நம்மகிட்ட பிடிச்சதைத்தானேண்ணே எடுக்குறோம்!"

முதலாளி மேல் கடுப்பில் எழுதுகிறேன் என்று நினைக்கலாம். கடுப்பும் உண்டுதான். ஆனால் 1990இல் ஜெரால்டு கிரீன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டதும் இதே கதைதான்: 10 வாரம் 15 சதவீதம் சம்பளம் குறைத்த ஆலைகளில், காரணத்தைப் பொறுமையாக விளக்கி வருத்தம் சொன்ன இடத்தைவிட, ஒப்புக்கு இரண்டு வார்த்தை சொன்ன இடத்தில் திருட்டு அதிகம்.

குணமே காரணம் இல்லையா என்று சண்டைக்கு வராதீர்கள். எங்கள் கடையில் ஒரு லோடுமேன் பிடித்தத்துக்கு முன்னாலும் எடுத்தான், தங்கமான முதலாளியிடம் போனாலும் எடுப்பான். திட்டு வாங்கிய கணக்குப்பிள்ளையோ கடைசிவரை ஒரு கடுகைத் தொடவில்லை. பொறுப்பு குறைந்தவர்கள், எதற்கும் முறைத்துக்கொள்பவர்கள் இப்படித் தப்பு செய்வது கொஞ்சம் அதிகம் என்று உளவியல் ஆய்வுகளும் சொல்கின்றன, சரி. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த மற்ற பயல்களை எந்த இன்டர்வியூவில் கண்டுபிடிப்பீர்கள்? அவர்கள் மாறியது அந்தச் சம்பள நாளில்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டம் வந்துவிட்டது. சமீபத்தில் துணி எடுக்கப் போன கடையில் நாற்காலி இருந்தது, அதன்மேல் சேலைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அந்தப் பிள்ளை கால் மாற்றி மாற்றி நின்று சேலை விரித்தது. சூப்பர்வைசரிடம் கேட்டால், உட்கார்ந்திருந்தால் கஸ்டமருக்கு மரியாதையாக இருக்காதாம். நான்தானே ஐயா கஸ்டமர், நான் கேட்டேனா?