தராசில் வைத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்

கேள்வி: எங்களுக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. வீட்டுப் பண விவகாரம் எல்லாம் நாத்தனார் வீட்டுக்காரர் கையில்தான். இப்போது ஒரு இன்சூரன்ஸ் பாலிசி பாரம் கொண்டுவந்து தந்திருக்கிறார். மாதம் 2,000 ரூபாய் வீதம் 20 வருடம் கட்ட வேண்டும். மொத்தம் 4,80,000 கட்டினால் 9 லட்சம் வரும் என்கிறார். நல்லதாகத்தான் தெரிகிறது. ஆனாலும் புரியாமல் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. பத்தாவது வரைதான் படித்தேன். இதெல்லாம் நான் கற்றுக்கொள்ள முடியுமா? கேள்வி கேட்டால் அந்த அண்ணன் மனசு புண்படுமே?
- வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: சகோதரி, உங்கள் பட்டறைக்கு வெள்ளிக் கட்டி வருகிறது. கொண்டுவருகிறவர் கூடப்பிறந்த அண்ணனாகவே இருக்கட்டும். தராசில் வைக்காமல், தரம் பார்க்காமல் வாங்குவீர்களா? அவர்தான் கோபித்துக்கொள்வாரா? வெள்ளிக்கு உள்ள அந்த வழக்கத்தை இந்தக் காகிதத்துக்கும் கொண்டுவாருங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அம்மாபேட்டையில் தறிக்கூலியில் சேர்த்த 40,000 ரூபாயை 1996-ல் என் அம்மா ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். ஆண்டுக்கு 24 சதவீத வட்டி. எட்டு மாதம் தேதி தவறாமல் வந்தது. ஒன்பதாவது மாதம் ஷட்டர் இறங்கிவிட்டது. அப்போது நான் வங்கியில் எழுத்தர். எங்கள் கிளை கொடுத்த வட்டி அதில் பாதிதான். இவ்வளவு வட்டி தருகிறவர்கள் அந்தப் பணத்தை எதில் போட்டுச் சம்பாதிக்கிறார்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டெபாசிட் ரசீது அரிசி டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தது. அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை, எல்லாம் முடிந்த பிறகுதான் முதல்முறையாக நானும் அம்மாவும் விளக்கடியில் உட்கார்ந்து படித்தோம். தமிழ்நாடு முழுக்க அந்தச் சமயத்தில் இப்படி ஏமாந்தவர்கள் ஏராளம். 1997-ல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்ததே அதனால்தான். அம்மாவின் பணம் கடைசிவரை வரவில்லை.

சரி, உங்கள் பாரத்துக்கு வருவோம். ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 4.80 லட்சம் 9 லட்சமாகிறது என்றால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனால் நீங்கள் கட்டும் முதல் 2,000 ரூபாய்தான் முழுசாக 20 வருடம் அங்கே இருக்கும். கடைசி 2,000 ஒரு மாதம் மட்டுமே இருக்கும். சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு ரூபாயும் பத்து வருடம். இப்போது 72 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். அதை வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். பத்து வருடத்தில் இரட்டிப்பாக 7.2 சதவீதம் வேண்டும். உங்கள் பாலிசியில் முழுசாக இரட்டிப்பு ஆகவில்லையே? நுணுக்கமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழேதான் வருகிறது.

இதே 2,000 ரூபாயைத் தபால் நிலையத்தில் பி.பி.எஃப். என்ற அரசின் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் கட்டுங்கள். 15 வருடம் முடிந்ததும் இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டித்துக்கொள்ளலாம். 2020 ஏப்ரல் முதல் அதற்கு 7.1 சதவீத வட்டி தருகிறார்கள். இதே வட்டி நீடித்தால் 20 வருடத்தில் சுமார் 10.3 லட்சம் வரும். அரசு வட்டியை மாற்றினால் தொகையும் மாறும். பி.பி.எஃப்.பில் உயிர்க் காப்பீடு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடும்பத்துக்குக் காப்பீடு அவசியம். அதற்கு டேர்ம் பாலிசி என்று தனியாக இருக்கிறது. அது சேமிப்பு ஆகாது, உயிருக்கு மட்டுமான பாதுகாப்பு. அதனால் பிரீமியம் குறைவு. இரண்டையும் கலக்காமல் இருப்பதுதான் நல்லது என்பது என் கருத்து.

அண்ணனிடம் கேட்க வேண்டியது இது. "அண்ணா, இந்த 9 லட்சத்தில் உறுதியாக வருவது எவ்வளவு, போனஸ் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு? மூன்று வருடத்தில் கட்ட முடியாமல் போனால் என்ன திரும்ப வரும்?" எவ்வளவு கட்டினால் எவ்வளவு வரும் என்று காட்ட, பாலிசியோடு பெனிஃபிட் இல்லஸ்ட்ரேஷன் என்று ஒரு தாள் தருவார்கள். போனஸ் உள்ள பாலிசி என்றால், பணம் ஆண்டுக்கு 4 சதவீதம் வளர்ந்தால், 8 சதவீதம் வளர்ந்தால் என்று இரண்டு விதமாகக் கணக்குப் போட்டிருக்கும். ஏஜென்டுகள் 8-ஐத்தான் விரல் வைத்துக் காட்டுவார்கள். அந்த இரண்டுமே ஒரு அனுமானம், உத்தரவாதம் கிடையாது. வாங்கிய பிறகு மனம் மாறினாலும், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பித் தர உங்களுக்கு உரிமை உண்டு.

கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டீர்கள். கூலி, சேதாரம், வெள்ளி விலை மூன்றையும் தினமும் மனக்கணக்காகப் போடுகிறவர் நீங்கள். மேலே உள்ள கணக்கில் அதைவிடக் கடினமானது ஒன்றுமில்லை. இரவு பட்டறை அடைத்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் வீட்டில் இருக்கும் பழைய பாலிசி, நகைக்கடன் சீட்டு, வங்கிப் பாஸ்புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் சேருங்கள். ஒவ்வொன்றிலும் வட்டி என்ன, எப்போது முடிகிறது என்று நோட்டில் ஏற்றுங்கள். பாதி படிப்பு அதிலேயே முடிந்துவிடும். அதுவரை பாரம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: எங்களுக்கு இரண்டு ஏக்கர் காபியும் மிளகும் இருக்கிறது. எல்லோரும் மியூச்சுவல் ஃபண்டில் மாதா மாதம் ஒரு தொகை கட்டும் எஸ்.ஐ.பி. போடச் சொல்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை பணம் பார்க்கும் எங்களால் எப்படி முடியும்?
- வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: ஏற்காட்டுக் கிளையில் நான்கு வருடம் இருந்தேன். மாசி, பங்குனியில் பணம் கட்ட வந்த அதே ஆட்கள், ஆவணியில் நகையை அடகு வைக்க வருவார்கள். வந்த பணம் பெயர் இல்லாமல் ஒரே கணக்கில் கிடந்ததுதான் காரணம்.

காபி விற்ற அன்றே, அடுத்த விற்பனை வரைக்கும் வீட்டுச் செலவு, கவாத்து, உரம், ஆள்கூலி எவ்வளவு என்று எழுதி அந்தத் தொகையை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். விலை சரியும் ஒரு வருடத்துக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். மீதி இருப்பதுதான் முதலீடு. அதை லிக்விட் ஃபண்டில், அதாவது குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்டில் போட்டு, அங்கிருந்து மாதா மாதம் பங்குச்சந்தை ஃபண்டுக்கு மாற்றச் சொல்லலாம். இப்படி மாற்றுவதற்கு எஸ்.டி.பி. என்று பெயர், அப்படியே கேளுங்கள். ஏழு வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குச்சந்தைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வங்கியிலேயே வைத்தால், ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு என்பது நினைவிருக்கட்டும்.

கேள்வி: வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் 5 சதவீத லாபம் என்கிறார்கள். 10,000 போட்டேன், ஆப்பில் 18,000 காட்டுகிறது. எடுக்க 3,000 கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
- கல்லூரி மாணவர், ஆத்தூர்

பதில்: கட்டாதே தம்பி. அந்த 18,000 வெறும் திரையில் தெரியும் எண். இதைப் படித்ததும் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடு. பணம் அனுப்பிய ரசீது, குரூப்பில் வந்த மெசேஜ் எதையும் அழிக்காதே. வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடு.