9 எம்.எம்.மா, 32-ஆ? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ரப்பர் தோட்டத்துக்குள் தனி வீடு. கைத்துப்பாக்கி லைசென்ஸுக்கு மனு கொடுக்கப் போகிறேன். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், "9 எம்.எம். வாங்கு, 32 எல்லாம் பொம்மை" என்கிறார். சரியா?
- வாசகர், குலசேகரம்

பதில்: அவர் ஊருக்கு அது சரி. 9 எம்.எம்., 38 எல்லாம் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட போர் (bore, அதாவது குழலின் உள்ளளவு). நாகர்கோவிலில் கலெக்டர் கையெழுத்தில் கிடைப்பது தடை இல்லாத போர் மட்டும். ஆக, உங்களுக்குப் பொதுவாகக் கிடைப்பவை 32 ரிவால்வர் (சுழலும் சிலிண்டரில் தோட்டா), 32 பிஸ்டல் (பிடிக்குள் செருகும் மேகசினில் தோட்டா), 22 ஆகியவைதான்.

மைத்துனர் சொல்லும் வித்தியாசம் பொய்யல்ல. 9 எம்.எம். குண்டு சுமார் 8 கிராம். குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் ஆற்றல் ஏறத்தாழ 480 ஜூல். 32 பிஸ்டல் குண்டு 4.6 கிராம், 170 ஜூல் சுற்றுவட்டம். 32 ரிவால்வர் குண்டு 6.3 கிராம், கனம் கூடுதல், வேகம் குறைவு, கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே ஆற்றல்தான். 22-க்கு வெறும் 2.6 கிராம். ஆனால் கைத்துப்பாக்கி எதுவானாலும் ஆளைத் தூக்கி எறியாது, அது சினிமா. குண்டு எங்கே படுகிறது என்பதுதான் பேச்சு. எஃப்.பி.ஐ.யே பெரிய 40 காலிபரை விட்டு 9-க்குத் திரும்பியதில் உதைப்பு குறைவு, குறி தப்பாது என்பதும் ஒரு காரணம்.

22-ஐ வீட்டுக் காவலுக்குச் சொல்ல மாட்டோம். அதன் வெடிமருந்துப் பூச்சு தோட்டாவின் விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கிறது. ஓரிடத்தில் பூச்சு இல்லாமல் போய், ஊசி அங்கேயே தட்டினால் வெடிக்காது.

எங்கள் ஓட்டு 32 ரிவால்வருக்கு. ஒரு தோட்டா ஏமாற்றினால் மறுபடி ட்ரிக்கரை இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும். பிஸ்டலில் வேறொரு வில்லங்கம். 32 பிஸ்டல் தோட்டாவின் அடியில் சின்னதாக ஒரு ரிம் (வெளியே நீட்டிய விளிம்பு) உண்டு. மேகசினில் மேல் தோட்டாவின் ரிம் கீழ்த் தோட்டாவின் ரிம்முக்குப் பின்னால் போய் மாட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். ஸ்லைடை (பிஸ்டலின் மேலே பின்னால் இழுக்கும் பாகம்) எத்தனை முறை இழுத்தாலும் சரியாகாது, மேகசினைக் கழற்றத்தான் வேண்டும். தோட்டா ஏற்றும்போது ஒவ்வொன்றும் கீழே இருப்பதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ரிவால்வரின் குறை, கனமான ட்ரிக்கர். ஹேமரை (பின்னால் உள்ள சுத்தியல்) முன்கூட்டி ஏற்றாமல் இழுத்தால் விரல் மொத்தக் கையையும் இழுத்துப்போகும்; வலக்கைக்காரருக்குக் குறி இடப்பக்கம் கீழே இறங்கும். அதற்கு மருந்து மருந்தில்லாத டம்மி தோட்டா போட்டுப் பழகுவதுதான்.

பலகைத் தடுப்பையும் கதவையும் 32 குண்டு துளைக்கும். உங்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் யார் படுக்கிறார்கள்? தோட்டத்துப் பன்றிக்கென்று நினைத்திருந்தால் கைத்துப்பாக்கியை மறந்துவிடுங்கள். அது வனத்துறை அனுமதி சம்பந்தப்பட்ட விஷயம். திருடன் ஓடத் தொடங்கிய பிறகு முதுகில் சுட்டால், தற்காப்பு என்று கோர்ட்டில் சொல்லித் தப்புவது கஷ்டம். தேவைக்கு மேல் தீங்கு செய்யும் உரிமை பாரதிய நியாய சன்ஹிதா 37-வது பிரிவில் இல்லை.

கேள்வி: பிஸ்டல் தோட்டா என் 32 ரிவால்வரில் அளவாக உட்காருகிறது. போடலாமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம். ரிவால்வர் தோட்டாவின் அழுத்த வரம்பு சுமார் 15,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு); பிஸ்டலுடையது 20,500. பழைய ரிவால்வராக இருந்தால் சிலிண்டருக்கே ஆபத்து.

கேள்வி: அலமாரியில் உறையோடு வைத்த ரிவால்வரில் துருப் புள்ளிகள். எண்ணெய் போட்டும் வருகிறது.
- வாசகர், குளச்சல்

பதில்: குற்றவாளி அந்தத் தோல் உறைதான். கடற்காற்றின் ஈரத்தையும் உப்பையும் இழுத்து இரும்போடு ஒட்டி வைக்கிறது. உறை வேறு, ரிவால்வர் வேறாக, சிலிக்கா ஜெல் பையோடு பூட்டி வையுங்கள். தோட்டாவை இறக்கிவிட்டு, வாரம் ஒருமுறை மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். குழலுக்குள்ளும் சிலிண்டரின் ஆறு அறைகளிலும் துணி போய்வர வேண்டும். அறைகளில் எண்ணெய் தேங்க விடாதீர்கள். அது தோட்டாவின் பிரைமருக்குள் (ஊசி தட்டித் தீப்பிடிக்கும் இடம்) இறங்கினால் வெடிக்காமல் போகும். புள்ளியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பாலிஷும் சேர்ந்து போய்விடும். எண்ணெயில் ஊறவிட்டு, பித்தளை பிரஷால் மெதுவாக எடுங்கள்.