பழைய டேங்க்கில் இன்ஜெக்‌ஷன்: பெரிய பம்ப் வாங்கும் முன்

கேள்வி: என்னிடம் 1960களில் வந்த கார் ஒன்று இருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் உட்காரும் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் கிட் போட்டேன். பெட்ரோல் தள்ளும் பம்ப் வண்டிக்கு அடியில் பின்பக்கம் இருக்கிறது. டேங்க் பழையதுதான். பெட்ரோல் கால் டேங்க்குக்குக் கீழே இறங்கியதும் வளைவில் எஞ்சின் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஓடினால் பம்ப் அலறுகிறது. பெரிய பம்ப் போடச் சொல்கிறார் மெக்கானிக். டேங்க்கையே மாற்றச் சொல்கிறார் கிட் விற்றவர். என்ன செய்வது?

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில் அந்தப் பெரிய பம்ப் கதையை முடித்துவிடுகிறேன், அதில்தான் நிறையப் பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

150 குதிரைசக்தி எஞ்சின் முழு இழுப்பில் ஓடினாலும் மணிக்குச் சுமார் 46 லிட்டர்தான் குடிக்கும். உங்கள் தலையில் கட்டப் பார்ப்பது அநேகமாக 255 லிட்டர் பம்ப்பாக இருக்கும். மீதி 200 லிட்டர் சும்மா முன்னே போய், சூடேறி, டேங்க்குக்குத் திரும்பும். உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் நோயே சூடுதான். மெக்கானிக்கைக் கேட்டால் ‘எதுக்கும் இருக்கட்டும் சார்’ என்பார். அவருக்குப் பெரிய பம்ப்பில் கமிஷன் பெரிது, அவ்வளவுதான்.

பம்ப் அலறுவது சக்தி போதாமல் அல்ல, குடிக்கப் பெட்ரோல் கிடைக்காமல். மின்சார பம்ப் நன்றாகத் தள்ளும், ஆனால் உறிஞ்சத் தெரியாது. மேட்டிலிருந்து தானாக வந்து விழுந்தால் சரி. இழுத்துக் குடிக்க வைத்தால், இழுக்கும் குழாயில் அழுத்தம் குறையும், சூடான பெட்ரோல் அங்கேயே கொதித்து ஆவியாகும். ஆவியைப் பம்ப்பால் தள்ள முடியாது. அரை மணி கழித்து அலறத் தொடங்குவது இதனால்தான்.

வளைவில் நிற்பதற்குக் காரணம் வேறு. உங்கள் டேங்க் உள்ளே ஒரு வெற்றுப் பெட்டி. வளைவில் பெட்ரோல் ஒரு ஓரமாக ஒதுங்கும், குழாயின் நுனி காற்றில் நிற்கும். கார்புரேட்டர் காலத்திலும் இப்படித்தான் நடந்தது, ஆனால் உங்களுக்குத் தெரியவில்லை. கார்புரேட்டருக்குள் மிதவை இருக்கும் சின்னக் கிண்ணம் அந்த இரண்டு விநாடியைச் சமாளித்துவிடும். மேலும் அதற்கு 3 முதல் 6 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷன் கேட்பது 43, உங்களுடையது மாதிரி கிட் என்றால் பெரும்பாலும் 58. அங்கே கிண்ணமும் இல்லை, கருணையும் இல்லை. ஒரு மடக்கு காற்று போனால் அழுத்தம் விழும், எஞ்சின் நின்றுவிடும்.

ஆக, உங்களுக்குத் தேவை எப்போதும் நிறைந்திருக்கும் ஒரு சின்ன மூலை. பம்ப் அதற்குள் மூழ்கி உட்கார வேண்டும். பெட்ரோலே அதைக் குளிர்விக்கும், சத்தமும் அடங்கும். டேங்க்கின் மேல்பக்கம் துளை போட்டு, அடியில் ஒரு கப்போ ஸ்பாஞ்ச் தடுப்போ வைத்து, பம்ப்பை உள்ளே இறக்கும் கிட்டுகள் கிடைக்கின்றன. உங்களுக்கு நான் சொல்வது அதுதான். டேங்க்கில் கை வைக்கவே மனம் வராவிட்டால், வெளியே ஒன்றிரண்டு லிட்டர் பிடிக்கும் சர்ஜ் டேங்க் வைத்து, குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்றால் அதை நிரப்பிக்கொண்டே இருக்கலாம். இரண்டு பம்ப், இரண்டு மடங்கு இணைப்புகள், கசிய இரண்டு மடங்கு இடம். அதைக் காருக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

துளை போடும் விஷயத்தில் ஒன்று. காலி டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து. வெடிப்பது பெட்ரோல் அல்ல, காற்றோடு கலந்த அதன் ஆவி. ‘ஒரு மாசமா காலியாத்தான் இருக்கு’ என்று சொல்லி வெல்டிங் வைத்தவர்கள் கதை எனக்கு நிறையத் தெரியும், எதுவும் நல்ல கதை இல்லை. டேங்க்கைச் சுத்தம் செய்து வேலை பார்க்கத் தெரிந்த, அதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். வீட்டில் டிரில்லைத் தூக்காதீர்கள்.

அப்புறம், பம்ப் உள்ளே போய்விட்டால் அதோடு உள்ளே போகும் அரை அடி ஹோஸ். இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். கார்புரேட்டருக்கான ரப்பர் ஹோஸ் இந்த அழுத்தத்துக்குத் தாங்காது, அது எல்லோருக்கும் தெரியும். இன்ஜெக்‌ஷன் ஹோஸ் என்று கேட்டால் கடையில் ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதைத் தருவார்கள். வெளியே ஓடும் லைனுக்கு அது சரி. ஆனால் அது பெட்ரோலை உள்பக்கம் தாங்கச் செய்யப்பட்டது, வெளிப்பக்கம் தாங்க அல்ல. பெட்ரோலுக்குள் மூழ்க வைத்தால் மேல்தோல் ஊறி, உப்பி, பிய்ந்து, பம்ப்பின் வடிகட்டியில் போய் அடைக்கும். மூழ்கும் ஹோஸுக்குத் தனிக் குறி ஆர்10. விலை அதிகம், துண்டாகத்தான் விற்பார்கள், பல கடைக்காரர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உள்ளே ஹோஸ் கசிந்தால் ஒரு சொட்டும் வெளியே தெரியாது, அழுத்தம் மட்டும் குறையும். உடனே மறுபடியும் பெரிய பம்ப் போடச் சொல்வார்கள். இதற்காகவே மூன்று பம்ப் மாற்றிய ஒரு கார் என்னிடம் வந்தது. குற்றவாளி 15 சென்டிமீட்டர் ரப்பர்.

ரிட்டர்ன் லைன் வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1967-இல் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் என்ற எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்தபோதே மிச்சப் பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பத் தனிக் குழாய் இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் கிட் தயாரிப்பாளர்கள் கிட்டோடு வரும் திரையின் நிறத்தை மாற்ற நாலு பக்கம் எழுதுகிறார்கள், டேங்க் பற்றி அரைப் பக்கம். திரும்பும் குழாய் எஞ்சினுக்குப் போகும் லைன் அளவுக்காவது அகலமாக இருக்கட்டும், கப்புக்குள்ளேயே வந்து விழட்டும். டேங்க் மூச்சு விடும் துவாரம் அடைபடாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வெற்றிடமாகித் தகடு உள்வாங்கும்.

உள்ளே துரு இருந்தால் பூசும் சீலரை விற்க வருவார்கள். துருவை முழுதாக எடுக்காமல் பூசிய சீலர் உரிந்து வரும். தோலாக வந்து வடிகட்டியை மூடும்போதுதான் தெரியும். துரு அவ்வளவு ஏறியிருந்தால் மட்டும் டேங்க்கை மாற்றுங்கள்.

பம்ப்புக்கு ரிலே, ஃபியூஸ், எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும் ஏற்பாடு ஆகியவற்றை எலெக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார். அது வேண்டாம் என்பவரை மாற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அழுத்தமானி ஒன்றை மாட்டி, கால் டேங்க் பெட்ரோலோடு ஆளில்லாத திறந்த இடத்தில் இரண்டு பக்கமும் வட்டமடித்துப் பாருங்கள். ஊசி 58-இல் நின்றபடி இருக்க வேண்டும். துள்ளினால் கப்பில் பெட்ரோல் நிற்கவில்லை என்று அர்த்தம். மூடியைத் திறந்து, ரிட்டர்ன் எங்கே விழுகிறது என்று முதலில் பாருங்கள்.