பிற்றர் ஐயாவிடம் கேளுங்கள்: ஆளில்லாத ஊருக்கு ஒரு பஸ்

லண்டனில் மகள் வீட்டில் நின்றபோது பழைய பஸ் பித்தர்கள் சிலரோடு ஆளில்லாத ஊர் ஒன்றுக்குப் பயணம் போனேன் என்று போன இதழில் ஒரே ஒரு வரி எழுதினேன். பிறேக், கிளச் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அதை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, இந்த முறை இதுவே.

பழைய பஸ்ஸில் ஏறுவதற்கென்றே காசு கொடுத்துப் போவார்களா? எங்கே போனீர்கள்? (வாசகர், புளியங்குளம்)

போவார்கள் தம்பி. எனக்கும் முதலில் விசர் வேலையாகத்தான் பட்டது. இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பக்கம் வார்மின்ஸ்டர் என்றொரு சிறிய நகரம். அதன் ரயில் நிலையத்தில் இருந்து இம்பர் என்ற ஊருக்கு, கோடையில் ஒரு நாள் மட்டும், 23ஏ என்று இலக்கம் போட்டு பஸ் விடுகிறார்கள். 2009இல் தொடங்கியது. நம் வற்றாப்பளைப் பொங்கலுக்கு விசேட பஸ் விடுவது போல என்று வையுங்கள். ஓடுபவை பெரும்பாலும் லண்டனின் பழைய சிவப்பு இரட்டைத்தட்டு பஸ்கள். சேரும் காசு அந்த ஊர்த் தேவாலயத்துக்கும் முன்னாள் படைவீரர்களுக்கான உதவிக்கும் போகிறது.

என் பக்கத்தில் இருந்தவருக்கு என் வயது இருக்கும். யன்னலால் வெளியே பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கியர் மாறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார், தவில் கேட்கிற ஆள் போல. ஏற்றத்தில் சாரதி ஒரு கியரைப் பிந்திப் போட்டபோது முகத்தைச் சுளித்தார். நானும் சுளித்தேன். அதோடு சிநேகிதமாகிவிட்டோம்.

லண்டன் பஸ்கள் ஒருகாலம் நம் நாட்டிலும் ஓடியதாக அப்பா சொல்வார். உண்மையா? (வாசகர், கிளிநொச்சி)

அப்பா சொன்னது சரி. 1958 ஜனவரி 1இல் தனியார் பஸ் கம்பனிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்து சீ.ரீ.பி., அதாவது இலங்கைப் போக்குவரத்துச் சபை, ஆக்கினார்கள். பிறகு லண்டனில் கழித்த ஆர்.ரீ. வகை இரட்டைத்தட்டு பஸ்களை வாங்கி இறக்கினார்கள். நான் 1974இல் சீ.ரீ.பி.யின் வெரஹெர தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போனபோது அவற்றில் கை வைத்திருக்கிறேன்.

அதன் கியர் ஒரு தனிக் கதை. ஸ்ரியறிங்குக்குக் கீழே சின்னக் கைபிடி. அடுத்து வேண்டிய கியரை அதில் முன்கூட்டியே தெரிவு செய்து வைத்துவிட வேண்டும். கியர் அப்போது மாறாது. நேரம் வரும்போது இடது கால் பெடலை அடிவரை மிதித்து விட்டால்தான் மாறும். அரைகுறையாக மிதித்தால் பெடல் திருப்பி உதைக்கும். கழுதை உதைத்தது போல இருக்கும். வெரஹெரவில் அப்படி உதை வாங்கிய ஒரு சாரதி ஒரு கிழமை நொண்டினார்.

இம்பரிலும் ஒரு ஆர்.ரீ. நின்றது. கெஞ்சிக் கேட்டு சாரதி ஆசனத்தில் ஏறி இருந்தேன். கை தானாக அந்தக் கைபிடிக்குப் போனது. ஐம்பது வருடமாகியும் கைக்கு மறக்கவில்லை. காலை எட்டத்தில் வைத்துக்கொண்டேன்.

இம்பர் ஆளில்லாத ஊர் என்றீர்களாமே. அந்தச் சனம் எங்கே? திரும்பி வரவில்லையா? (வாசகி, கேப்பாப்புலவு)

பிள்ளை, உங்கள் ஊர் நிலத்திலும் படை இருந்ததே, நீங்கள் ஏன் இதைக் கேட்கிறீர்கள் என்று எனக்கு விளங்குகிறது.

வரவில்லை. 1943 நவம்பர் 1ஆம் திகதி ஊராரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள், அமெரிக்கப் படை பயிற்சி எடுக்க ஊர் வேண்டுமாம். 47 நாள் தவணை. டிசம்பர் 17க்குள் ஏறக்குறைய 150 பேரும் வெளியேறினார்கள். சண்டை முடிந்தது, ஊர் திரும்பவில்லை. 1961இல் ஊர்வலமாகப் போயும் கேட்டுப் பார்த்தார்கள். இன்றும் அது படையின் நிலம். தேவாலயத்துக்கு மட்டும் வருடத்தில் சில நாள் போகலாம். மற்ற வீடுகள் கதவும் யன்னலும் இல்லாத வெறும் சுவர்.

அந்த ஊரில் ஒரு கொல்லர் இருந்தாராம். வெளியேறச் சொன்ன பிறகு பட்டடையில் தலையைச் சாய்த்து அழுதபடி இருந்தவரை மனைவி கண்டாராம். சில கிழமைகளில் இறந்துபோனார். புதைக்கத்தான் ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரும்போடு பிழைத்தவன் நான், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். படம் எடுக்கவில்லை.

திரும்பும்போது பக்கத்துக் கிழவர் என் ஊரைப் பற்றிக் கேட்டார். நாங்கள் மீளக் குடியேறியபோது ஆட்கள் முதலில் வந்தோம், பஸ் பிறகுதான் வந்தது, அதுவரை ஏ9 வீதி வரை நடந்தோம் என்றேன். அவர் பிறகு கியர்ச் சத்தம் கேட்கவில்லை.

அங்கே பஸ்ஸை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போக நம் முறிகண்டி போல ஒரு பிள்ளையார் உண்டா? (மாணவன், மல்லாவி)

இல்லை. கேக்கும் தேத்தண்ணீரும் இருந்தன. கச்சான் இல்லை, பெரிய குறை.

தாத்தாவின் தட்டிவான் வளவில் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் விலை கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், ஒட்டுசுட்டான்)

கொடுக்காதீர்கள்! 2009க்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து கிடந்த வாகனங்கள் என்னவாயின என்று உங்களுக்குத் தெரியும். வன்னியில் தட்டிவான் இனி எத்தனை மிஞ்சியிருக்கும்? பின்னால் சங்கிலியில் தொங்குகிற தட்டியும் இருந்தால் அதையும் கவனமாக வையுங்கள். நெல்மூட்டையும் சைக்கிளும் ஏறிய தட்டி அது.

முதலில் மேலே நாலு தகரம் போடுங்கள். சில்லுகளை மண்ணில் இருந்து உயர்த்திக் கட்டையில் வையுங்கள். பெயின்ற் அடிக்க வேண்டாம், கறள் உள்ளே ஒளிந்துகொள்ளும். கறையான் தின்ற பலகையையும் எறியாதீர்கள், தச்சருக்கு அதுதான் அளவு. செசி இலக்கத்தை எழுதி வையுங்கள். சண்டைக்கால எரிபொருள் தடையின்போது பெற்றோல் சொட்டில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய வண்டியென்றால் பிளக்கெல்லாம் கரிபிடித்திருக்கும். அவற்றைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் என்ஜின் ஒயில் விட்டுவிடுங்கள்.

அடுத்த மாதம் நெடுங்கேணியில் ஒரு கலியாணம் இருக்கிறது, வருகிற வழியில் வந்து பார்க்கிறேன். அதுவரை பெடியன்கள் யாரும் ஹாண்டிலைப் போட்டுச் சுற்ற வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.