அவருக்குத் தெரியாமல் சேர்க்கும் 300 ரேண்ட்

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். துணிக்கடையில் வேலை. சம்பளம் என் கணக்கில்தான் விழுகிறது. கார்டும் பின் நம்பரும் கணவரிடம். செலவுக் கணக்குக் கேட்டால் அடி விழும். மளிகைப் பணத்தில் மிச்சம் பிடித்து மாதம் 300 ரேண்ட் அவருக்குத் தெரியாமல் சேர்க்கிறேன். யூனிட் டிரஸ்டில் போடலாமா? இரண்டு பிள்ளைகள்.

பதில்: வேண்டாம், சகோதரி. இந்தப் பணம் வளர்வதைவிட, தேவைப்படும் அன்றைக்கே கைக்கு வருவது முக்கியம். யூனிட் டிரஸ்ட் என்பது பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் திட்டம். அதை விற்றால் பணம் வரச் சில நாள் ஆகும். அதற்குள் ஒரு ஸ்டேட்மெண்ட் அவர் கண்ணில் பட்டாலே போதும். வேறொரு வங்கியில் உங்கள் பெயரில் சாதாரண சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். உங்கள் போனை அவர் பார்ப்பவரென்றால் அந்த வங்கியின் ஆப் அதில் வேண்டாம். எஸ்எம்எஸ் வர வேறு நம்பர் கொடுங்கள். கார்டும், அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு இவற்றின் நகல்களும், டாக்ஸிக்குக் கொஞ்சம் ரொக்கமும் நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.

சம்பளக் கணக்கை மட்டும் இப்போது மாற்றாதீர்கள். மாதக் கடைசியில் பணம் விழவில்லை என்றால் அன்றே அவருக்கு விஷயம் புரிந்துவிடும். பிரிந்து போகும் சமயம்தான் ஆபத்து அதிகம். பத்திரமான இடத்துக்குப் போன பிறகு கடையில் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அடியை மட்டும் பார்ப்பதில்லை. வீட்டுத் தேவைக்குப் பணம் தராமல் முடக்குவதும் அதன்படி வன்முறைதான். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கக் கட்டணம் இல்லை. வாடகையையும் அவசரச் செலவையும் அவரே கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் அந்த உத்தரவிலேயே சொல்லலாம். கோயிலில் மட்டும் தாலி கட்டி, பதிவு செய்யாதவர்களுக்கும் இது பொருந்தும். பதிவு செய்து, முன் ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் மணந்திருந்தால் சொத்தும் கடனும் பொதுவாக இருவருக்கும் சேர்ந்தவை. அப்போதும் உங்கள் சம்மதமில்லாமல் உங்கள் சம்பளத்தை அவர் வாங்கிக்கொள்ள 1984ஆம் ஆண்டின் திருமணச் சொத்துச் சட்டம் இடம் தரவில்லை. பிள்ளைகளின் ஜீவனாம்சத்துக்குத் தனி மனு. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. உறவினர் 'பொறுத்துக்கோ' என்பார்கள். அவர்கள் யாரும் உங்கள் வாடகையைக் கட்டப் போவதில்லை.

எவ்வளவு சேர்ந்தால் கிளம்பலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் ஒரு தொகை இருக்கும். அவர் கழுத்தை நெரித்தாலோ, ஆயுதம் காட்டி மிரட்டினாலோ அந்தத் தொகையைப் பார்க்காமல் கிளம்புங்கள். போலீஸ் 10111. பாலின வன்முறை உதவி மையம் 0800 428 428. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தங்குமிடத்துக்கும் வழி சொல்வார்கள். கடைப் போனிலிருந்து கூப்பிடுவது நல்லது.